லைட்ஹவுஸ் தாண்டியதும் இடப்பக்கம்

— ...அதனாலதான் கெஞ்சறேன் வின்கா. உள்ள போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ‘எங்க ஏர்போர்ட்ல அப்படி ஒரு பழக்கமே கிடையாது.’ அவ்வளவுதான். சொல்லிட்டு எழுந்து வந்துடு.

— காபி ஆறுது. குடி லோவ்ரே.

— காபியை விடு. சொல்லுவியா, மாட்டியா?

— எத்தனை வருஷமா ரேடியோவில உன் குரலைக் கேட்டுட்டிருக்கேன். ‘வணக்கம் வின்கா, இன்னைக்கு என்ன சமையல்’னு கேட்காம நீ ரன்வே பக்கமே வந்ததில்ல. அந்த மனுஷன் இன்னைக்கு எதிர்ல உட்கார்ந்து என்னைப் பொய் சொல்லச் சொல்றான். கேட்டியா, ராத்திரி நான் கண்ணை மூடல. இப்ப கண்ணு எரியறது தூக்கமில்லாமயா, மலைத் தீப் புகையாலயான்னு கூடத் தெரியல.

— ரெண்டும்தான். இந்த மேசையைப் பாரு, இப்பத்தான் துடைச்சிட்டுப் போனான் பெப்போ. அதுக்குள்ள சாம்பல். நான் மட்டும் தூங்கினேனா? ஜாக்ரெப்ல இருந்து ராத்திரி பூரா கார் ஓட்டிட்டு வந்திருக்கேன்.

— கேப்டனுக்குக் காரா? ஏன், பறக்கலையா?

— பறக்க விட மாட்டேங்கறாங்க. விசாரணை முடியற வரைக்கும் லைசென்ஸ் அவங்க பெட்டியில.

— ம். என் நாற்காலியில கூட இன்னைக்கு வேற ஆள். ரெண்டு பேரும் இப்படி ஒரு வேலை நாள்ல காபிக் கடையில உட்கார்ந்ததே இல்ல. அதுக்கு விமானங்கள் மோதற அளவுக்குப் போக வேண்டியிருந்தது.

— மோதல.

— மோதல. அதான் இங்க உட்கார்ந்து பேசிட்டிருக்கோம்.

— வின்கா, அடுத்தது உன்னைத்தான் கூப்பிடப் போறாங்க. எதிர்க் கட்டடத்துல அந்தக் கமிஷன் அம்மா கண்ணாடியைத் துடைச்சு வெச்சுட்டுக் காத்திட்டிருக்கா. யோசிக்க நேரம் இல்ல.

— அப்ப ஒத்திகை பார்த்துடலாம். நீதான் அந்த அம்மா. நான் நான்தான். கேளு.

— எனக்கு நடிக்கல்லாம் வராது.

— வராதா? நேத்து பயணிகள்கிட்ட ‘சின்னதா ஒரு காத்து, பயப்பட வேண்டாம்’னு மைக்ல சொன்னியாமே. அதைவிடப் பெரிய நடிப்பு உண்டா?

— ஒரு குழந்தை மேல ஜூஸ் கொட்டிச்சு. வேற யாருக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

— கேளுடா.

— சரி. திருமதி வின்கா, நேத்து மதியம் ரேடார் மேசையில இருந்தது நீங்கதானே?

— நான்தான்.

— புறப்பட்ட விமானத்துக்கு என்ன வழி குடுத்தீங்க?

— புத்தகத்துல இருக்கற வழி. மேல ஏறி நேரா போகணும். தீவைத் தாண்டற வரைக்கும் திரும்பக் கூடாது. தாண்டினப்புறம் இடப்பக்கம். கேப்டன் லோவ்ரே அதை அப்படியே திருப்பிச் சொன்னார். டேப்ல இருக்கு.

— விமானம் தீவைத் தாண்டிச்சா?

— தீவு வரைக்கும் போகவே இல்ல. லைட்ஹவுஸ் தாண்டினதும் இடப்பக்கம் திரும்பிடுச்சு. வளைகுடாவுக்கு மேல.

— வளைகுடாவுல அப்ப என்ன இருந்தது?

— ஷிமேயோட மஞ்சள் விமானம். மலைத் தீயை அணைக்கறதுக்காகக் கடல்ல உரசித் தண்ணியை அள்ளிட்டு, வயிறு கனத்து மேல வந்துட்டிருந்தது. அந்தப் பாரத்தோட அதால சட்டுனு ஒதுங்க முடியாது. நான் தீயணைப்புக்காரங்களோட போன்ல இருந்தேன். திரும்பிப் பார்த்தா திரையில ரெண்டு புள்ளியும் ஒண்ணை ஒண்ணு தின்னப் போகுது. ‘வலப்பக்கம், உடனே வலப்பக்கம்’னு கத்தினேன். வலப்பக்கம் இழுத்தாங்க. ஷிமே அள்ளின தண்ணியை எல்லாம் கடல்லயே கொட்டிட்டுத் தப்பிச்சான்.

— விமானம் ஏன் லைட்ஹவுஸ்ல திரும்பிச்சு?

— இந்தக் கேள்வியிலதான் நாக்கு ஒட்டிக்குது லோவ்ரே.

— அங்கதான் நான் சொன்னதைச் சொல்லு. ‘தெரியாது அம்மா. கேப்டனோட கவனக்குறைவு.’

— உண்மையைச் சொன்னா எப்படி இருக்கும்னு கேட்கிறியா?

— வேண்டாம்.

— கேளு. ‘அம்மா, தீவைச் சுத்திப் போனா நேரம் அதிகம், எரிபொருள் அதிகம். லைட்ஹவுஸ்லயே திரும்பினா குறுக்கு வழி. ஒரு காலத்துல பைலட்டுங்க கேட்பாங்க, கீழ பார்த்துட்டு நாங்க சரின்னு சொல்லுவோம். அப்புறம் அவங்க ‘லைட்ஹவுஸ்’னு ஒரே வார்த்தை சொல்லுவாங்க, நாங்க வாயைத் திறக்காம மைக் பட்டனை ரெண்டு தட்டு தட்டுவோம். டிக், டிக். அதுக்குப் பேர் அனுமதி. அப்புறம் அந்த டிக் டிக்கும் போச்சு. அவங்க கேட்கறதில்ல, நாங்க தட்டறதில்ல. திரும்பிப் போறாங்க, பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம். புத்தகத்து வழியை மட்டும் தினமும் ஒப்பிக்கறோம், மனசு எங்கயோ இருக்க உதடு ஜெபமாலை சொல்ற மாதிரி.’

— முடிச்சிட்டியா?

— இல்ல. ‘நேத்து வளைகுடாவுல விமானம் இருந்ததால, நேரா போகணும்னு நான் சொன்னது நிஜமாவே நேரா போகணும்னுதான் அம்மா. ஆனா தினமும் சொல்ற அதே வார்த்தைகளைத்தான் நேத்தும் சொன்னேன். தினமும் அதுக்கு அர்த்தம் கிடையாது. நேத்து மட்டும் அர்த்தம் இருந்ததுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?’

— நல்லா இருக்கு. பிரசங்கம் மாதிரி இருக்கு. சொல்லி முடிச்சதும் அந்த அம்மா உன் அடையாள அட்டையைக் கேட்பா. ஷிப்ட்டுக்குப் பொறுப்பு நீ. முதல்ல உருளறது உன் தலை. பென்ஷன் கைக்கெட்டற தூரத்துல இருக்கு உனக்கு.

— தெரியும்.

— பழக்கம்னு ஒண்ணு இல்லன்னு சொன்னா உனக்கு ஒரு கீறல் இல்ல. உன் ஆளுங்களுக்கு இல்ல. நான் மட்டும்தான். எனக்கு வயசாச்சு, படகு இருக்கு, வலை இருக்கு. அடுத்த வருஷம் போற வீட்டுக்கு இந்த வருஷம் போறேன். சரி விடு.

— பெப்போ, எனக்கு இன்னொரு காபி. இவருக்கு வேண்டாம், முதல் காபியையே முறைச்சுப் பார்த்துட்டிருக்கார்.

— கொண்டு வரேன் வின்காக்கா. மத்தி பொரிச்சிருக்கேன், ஒரு தட்டு வைக்கட்டுமா? ரெண்டு பேர் முகமும் சாவு வீட்ல இருந்து நேரா வந்த மாதிரி இருக்கு.

— சாவு நடக்கல பெப்போ. அதனாலதான் முகம் இப்படி.

— ஒண்ணும் புரியல. அது கிடக்கட்டும் அக்கா, மஞ்சள் விமானம் இன்னைக்கு ஏன் இன்னும் கிளம்பல? என் தம்பி வீடு மேல மலைச்சரிவுல. திராட்சைத் தோட்டம் வரைக்கும் தீ வந்துடுச்சுன்னு போன் பண்ணினான். ஆட்டை எல்லாம் அவுத்து விட்டுட்டானாம்.

— கிளம்பும். போ, காபி கொண்டு வா.

— கிளம்புமா வின்கா?

— கிளம்பாது. ஷிமே காலையில என் வீட்டுக்கு வந்தான். வாசல்ல நின்னு கத்துவான்னு நினைச்சேன். கத்தினா பரவாயில்லன்னு கூட நினைச்சேன். கத்தல. உள்ளயும் வரல. ஒரே ஒரு கேள்வி கேட்டான். ‘இன்னைக்கும் திரும்புவாங்களா?’ன்னு. ‘தெரிஞ்சதும் சொல்லு, அதுவரைக்கும் என் பசங்களை அந்தத் தண்ணிக்கு மேல அனுப்ப மாட்டேன்’னு சொல்லிட்டுப் போயிட்டான்.

— சொல்லிடு, இனிமே திரும்ப மாட்டாங்கன்னு. நானே எல்லா பைலட்டுங்களுக்கும் போன் போடறேன். நீ உன் மேசை ஆளுங்களுக்குச் சொல்லு. உள்ளுக்குள்ளயே முடிச்சிடலாம்.

— உள்ளுக்குள்ள, உள்ளுக்குள்ளன்னு முடிச்சு முடிச்சுத்தான் இங்க வந்து நிக்கறோம். கமிஷன் என்ன எழுதும்? ‘ஒரு கேப்டனின் கவனக்குறைவு.’ கோப்பை மூடுவாங்க. உன்னை அனுப்பிட்டு உன் சீட்ல வேற ஒருத்தனை உட்கார வைப்பாங்க. தீ அணைஞ்சு, மழை வந்து, எல்லாம் மறந்தப்புறம் அவன் லைட்ஹவுஸ்ல திரும்புவான். அன்னைக்குக் கீழ யாரு இருப்பான்னு உனக்குத் தெரியுமா?

— தெரியாது.

— எனக்கும் தெரியாது. அதனால உள்ள போய் இருக்கறதைச் சொல்லப் போறேன். போனா நாற்காலிதானே? முதுகு வலியாவது போகும்.

— வின்கா, உனக்காகக் கேட்கல. எனக்காகக் கேட்கிறேன். அந்தத் தப்பு என்னோடதாவே இருக்கட்டும். முழுசா. யாருக்கும் பங்கு வேண்டாம்.

— இது என்ன புது வியாதி? போன வருஷம் விமானம் லேட்டானதுக்குக் காத்து மேல பழி போட்டே, சாமான் ஏத்தறவன் மேல போட்டே, என் மேலயும் போட்டே. இன்னைக்கு முழுத் தப்பையும் மடியில கட்டிக்கிட்டுப் போறேன்னு அடம் பிடிக்கறே.

— வயசானா அப்படித்தான்.

— நேத்துலேருந்து எல்லாருமே ஒரு மாதிரி இருக்கீங்க. என் பொண்ணு பெரினாவுக்கு எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா? போனை எடுக்க மாட்டேங்கறா. லீவு கிடைச்சா அவளுக்கு அம்மா செத்தாக் கூடத் தெரியாது. நீதானே அவளுக்கு ஞானத்தகப்பன், ஒரே கம்பெனி வேற. உன் போனையாவது எடுப்பா. அம்மா நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பேப்பர்ல பார்த்துப் பயப்படப் போறா.

— சொல்றேன். சரி விடு.

— மறுபடியும் ‘சரி விடு’. ஒத்திகையைத் தொடரலாமா? இப்ப நான்தான் கமிஷன் அம்மா. நீ நீ.

— நான் ஏற்கெனவே உள்ள போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்.

— என்ன சொன்னே?

— விமானத்தை ஓட்டினது நான். திருப்பினது நான். கவனம் தப்பிடுச்சு. அவ்வளவுதான்.

— ஓட்டினது நீயா?

— நான்தான்.

— டேப்ல யார் குரல்?

— என்ன கேள்வி இது?

— ரேடியோவில என்னோட பேசினது யாரு லோவ்ரே?

— நான்தான்.

— புறப்படறதுக்கு முன்னாடியும் நீ, மேல ஏறினப்பவும் நீ. விமானத்துல ரெண்டு பேரு. ஒருத்தர் ஓட்டினா இன்னொருத்தர் ரேடியோ பார்க்கணும். பேசினது நீன்னா ஓட்டினது நீ இல்ல.

— ரெண்டையும் நானே பார்த்துக்கிட்டேன்.

— ஏன், உன் கோ-பைலட் பையன் என்ன பண்ணிட்டிருந்தான்? ஜன்னல் வழியா மீன் எண்ணிட்டிருந்தானா?

— புது ஆள். பதற்றமா இருந்தது. அதனால நானே எடுத்துக்கிட்டேன்.

— இதைக் கமிஷன் நம்பிச்சா?

— நம்பாம என்ன? காக்பிட்ல பேசறதைப் பதியற பெட்டி கொஞ்ச நேரத்துக்கு மேல தாங்காது, பழசு மேல புதுசை எழுதிடும். ஜாக்ரெப்ல இறங்கினப்புறம் பவரை அணைக்காம விட்டுட்டேன். இப்ப அதுல சுத்தம் பண்றவங்க சிரிச்சுப் பேசறது மட்டும்தான் இருக்கும்.

— வேணும்னே விட்டியா? லோவ்ரே, அது குத்தம். திரும்பினது தப்பு, இது குத்தம். யாரோ ஒரு பையனுக்காக நீ ஜெயிலுக்குப் போறவன் இல்ல. யாரு அவன்?

— விடு வின்கா.

— புது ஆளுன்னு சொன்னே. புது ஆளுங்க புத்தகத்தை விட்டு விரல் அகலம் நகர மாட்டாங்க. லைட்ஹவுஸ் பழக்கம் புத்தகத்துல இல்ல. வெளியூர்க்காரனுக்குத் தெரியவே தெரியாது. இங்க பிறந்து வளர்ந்து, நம்ம பேச்சைக் கேட்டவனுக்குத்தான் தெரியும். யாரு வீட்டுப் பையன்?

— பையன் இல்ல.

— என்ன?

— நேத்து வர வேண்டிய கோ-பைலட்டுக்கு வயித்து வலி. காலையில ஜாக்ரெப்ல லீவுல இருந்த ஒருத்தரைத் தூக்கத்துல எழுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க. வரும்போது நான் ஓட்டினேன். திரும்பும்போது அவங்க முறை.

— ஒருத்தரைன்னா?

— பெரினா உன் போனை எடுக்கலன்னு சொன்னியே வின்கா. அவளை எடுக்க வேண்டாம்னு சொன்னது நான்தான்.

— இல்ல.

— நான் வந்து சொல்ற வரைக்கும் அம்மாகிட்ட பேசாதேன்னு சொல்லிட்டு வந்தேன்.

— இல்ல லோவ்ரே. அவ லீவுல இருக்கா. தூங்கிட்டிருக்கா. நேத்து ரேடியோவில அவ குரலே வரல.

— வராது. அவ ஓட்டிட்டிருந்தா.

— காபி அக்கா, சூடா இருக்கு, பார்த்து. எதிர்க் கட்டடத்துல இருந்து ஒரு பொண்ணு வந்து உங்க பேரைக் கேட்டுது. உள்ள கூப்பிடறாங்களாம்.

— வரேன்னு சொல்லு பெப்போ. ஒரு நிமிஷத்துல வரேன்னு சொல்லு.

— சொல்றேன். அக்கா, சர்க்கரை போட்டுக்கோங்க.

— அவன் போகட்டும். உட்காரு வின்கா.

— வலப்பக்கம்னு நான் கத்தினேனே. அப்ப இழுத்தது?

— நான். கைப்பிடியை அவகிட்ட இருந்து பிடுங்கினேன். அது ஒண்ணுதான் நான். இப்பப் புரியுதா ஏன் கெஞ்சறேன்னு? நீ உள்ள போய்ப் பழக்கம்னு வாயைத் திறந்தா அடுத்த கேள்வி என்ன? புதுசா வந்த கோ-பைலட்டுக்கு அது எப்படித் தெரியும், திருப்பினது யாருன்னு. அவளைக் கூப்பிட்டு உட்கார வைப்பாங்க. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுலயே வராது. இப்பத்தான் சிறகு முளைச்சிருக்கு அவளுக்கு. அதை வெட்டிடுவாங்க. எனக்கு எதுக்கு இனிமே சிறகு?

— அவளுக்கு அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் குடுத்தது நீதானே? சொல்லு, நீதானே?

— நான் இல்ல.

— பின்ன யாரு?

— உன் சமையலறை. ‘இன்னைக்கும் ஒருத்தனும் கேட்கல, நானும் வாயைத் திறக்கல, லைட்ஹவுஸ்ல அழகாத் திரும்பிப் போனாங்க’ன்னு சொல்லிச் சிரிச்சிட்டே நீ மீன் கழுவுவே. அவ மேசையில உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிட்டிருப்பா. நானும்தான் பக்கத்துல உட்கார்ந்து ஒயினைக் குடிச்சிட்டுச் சிரிச்சிருக்கேன். அதனால உன்னைக் குத்தம் சொல்லல. ஊரே அப்படித்தான் இருந்துது. எழுந்திரு. கூப்பிடறாங்க.

— ஷிமேகிட்ட என்ன சொல்லுவேன்?

— திரும்ப மாட்டாங்கன்னு சொல்லு.

— பெப்போவோட தம்பி வீடு?

— வின்கா, எல்லாரையும் நீ காப்பாத்த முடியாது. அவளைக் காப்பாத்து.

— சரி.

— சரின்னா?

— சரின்னா சரி. போய்ச் சொல்றேன். பழக்கம்னு ஒண்ணு கிடையாது, கேப்டனோட கவனக்குறைவு. நீ கேட்டதே நடக்கட்டும். என் கைப்பையை எடு. எல்லாம் அந்த ஒரு வார்த்தைதானே. இத்தனை வருஷம் வாயைத் திறக்காம இருந்தவளுக்கு இன்னைக்கு மட்டும் என்ன கஷ்டம்?

— நீ நல்லா இருப்பே.

— ஒண்ணு மட்டும் சொல்லிடு. நீ பக்கத்துல உட்கார்ந்திருந்தே. புது ஆளு திருப்பறா. நீ தடுக்கலையா?

— ‘இன்னும் அனுமதி வரலையேம்மா’ன்னு சொன்னேன். ஒரு தடவை. அதுக்கு மேல அழுத்திச் சொல்லல.

— அதுக்கு அவ என்ன சொன்னா?

— வேண்டாம். காத்திட்டிருக்காங்க, நீ போ.

— என்ன சொன்னா லோவ்ரே?

— ‘கீழ மேசையில எங்கம்மா உட்கார்ந்திருக்காங்க மாமா, வழியில ஏதாவது இருந்தா இவ்வளவு நேரம் பேசாம இருப்பாங்களா?’ன்னு சொல்லிட்டுத்தான் திருப்பினா.